டாக்டர் சார் படத்தில் இல்லாத டைம்பீஸ்

அந்தப் படத்தில் டாக்டர் சார் ஒரு சாக்கு பிளீச்சிங் பவுடரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, அப்படியே கிணற்றுக்குள் கவிழ்க்கிறார். வெள்ளைப் புகை எழும்புகிறது. பின்னால் வயலின் அழுகிறது. உடனே அதே கிணற்றில் ஒரு வாளி இறைத்து, ஊரே பார்க்க மடமடவென்று குடித்துக் காட்டுகிறார். தியேட்டரில் ஒரே கைதட்டல். எனக்குப் பக்கத்தில் இருந்த ரிட்டையர்டு கிளார்க் எழுந்து நின்றே தட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சாக்கைக் கொட்டிய கையோடு அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஆள் அடுத்த காட்சியில் ஆஸ்பத்திரியில்தான் படுத்திருப்பார்.

டாக்டர் சாரின் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறார், ஜங்ஷனில் சிலையாக நிற்கிறார். காலராவை ஒழித்தவர் என்று சிலைக்குக் கீழே எழுதியிருக்கிறது. இப்போது சினிமாவும் ஆகிவிட்டார்.

நான் முருகேசன். முனிசிப்பல் சுகாதாரப் பிரிவில் கிணறுகளுக்கு மருந்து போடும் ஆளாகச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றவன். அப்பா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து துப்புரவு வேலைக்கு மட்டாஞ்சேரி வந்தவர். நான் பிறந்தது, படித்தது, கட்டியது, கட்டியவளைக் கொண்டுபோய் எரித்தது எல்லாம் இந்த ஊரில்தான். மகன் வல்லார்பாடத்தில் கன்டெய்னர் இறக்கும் இடத்தில் வேலை பார்க்கிறான், குடியிருப்பது கலூரில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். திங்கள் முதல் சனி வரை என்னோடு பேசுவது சாயாக்கடைக்காரரும் பக்கத்து வீட்டு டிவியும்.

எங்கள் ஆபீஸில் இப்போது ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருக்கும் ஷைனி, பென்ஷன்காரர்கள் மலருக்காக என்னிடம் கேட்டாள். "முருகேசன் சேட்டா, டாக்டர் சார்கூட வேலை பார்த்தவங்கள்ல நீங்க மட்டும்தான் மிச்சம். படத்துல என்னென்ன தப்புன்னு ஒண்ணு எழுதித் தரணும்." எனக்கு மலையாளம் எழுதத் தகராறு என்று சொல்லித் தப்பித்தேன். அது பாதிப் பொய். தமிழில் எழுதினால் என் மகன் படிக்க மாட்டான். அவனுக்குத் தமிழ் வாயில்தான் இருக்கிறது, கண்ணில் இல்லை. ஷைனியும் படிக்க மாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழ்ச் சங்க மலருக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிப்பதற்குள் அந்தத் தைரியத்துக்கு வேலையில்லாமல் போய்விட்டது, அதையும் சொல்கிறேன்.

படத்தின் குறைகள் நிறைய. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய குறை, படம் முடிந்ததும் கறுப்புத் திரையில் வருகிற ஒரே ஒரு வரி. ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் மருந்து போட்ட அந்த நாளுக்குப் பிறகு, இந்த ஊரில் காலராவுக்கு ஒரு உயிர்கூடப் பலியாகவில்லை என்கிறது அந்த வரி. அது பொய். பொய் என்று நிச்சயமாகத் தெரிந்து உயிரோடு இருக்கிறவன் நான் ஒருவன். அந்த நாளின் உண்மையை யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஐம்பது வருஷமாகக் காத்திருந்தவள் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவள் பெயர் சுபைதா.

முதலில் டாக்டர் சார்.

படத்தில் நடித்தவர் ஆறடி உயரம். டாக்டர் சார் என் தோளுக்குத்தான் வருவார். படத்தில் பேசுகிற பேச்சை அவர் ஒரு வருஷம் முழுக்கப் பேசியிருக்க மாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும், அது குடிசையாக இருந்தாலும், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளேயிருந்து கூப்பிடும் வரை குடையோடு நிற்பார். எங்கள் சூப்பர்வைசர்கள் எல்லாரும் எங்களை 'எடா' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா காலத்திலிருந்து கேட்டுப் பழகிய 'எடா'. அவர் மட்டும்தான் மரியாதையாக 'நிங்ஙள்' என்பார். முதல் தடவை என்னை அப்படிக் கூப்பிட்டபோது, பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

படத்தில் ஒரு சோம்பேறித் தொழிலாளி வருகிறான். அவன் தமிழ் பேசுகிறான், சொல்லவா வேண்டும். டாக்டர் சார் அவனை மழையில் நிற்கவைத்துக் கன்னத்தில் அறைகிறார். தியேட்டரில் விசில். டாக்டர் சார் யாரையும் அடித்ததில்லை. அடித்திருக்கலாம். ஒரே ஒரு அறை வாங்கியிருந்தால் என் பாரம் அன்றைக்கே இறங்கியிருக்கும்.

கிணற்றுக்கு மருந்து போடுவது சாக்கைக் கவிழ்க்கிற வேலை இல்லை. நான் சேர்ந்த முதல் மாதத்தில் டாக்டர் சார் எங்கள் எட்டுப் பேரையும் ஆபீஸ் கிணற்றைச் சுற்றி நிற்கவைத்து அவரே செய்து காட்டினார். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்க வேண்டும். நனைந்த முடிச்சுகள் எத்தனை என்று பார்த்தால் தண்ணீரின் ஆழம். அதே கயிற்றை வாய்க்குக் குறுக்கே பிடித்தால் அகலம். பெருக்கல் தெரியாதவர்களுக்காக ஒரு அட்டை எழுதித் தந்திருந்தார். ஆழத்துக்கு நேராக அகலத்தைப் பார்த்தால் எத்தனை டின் பவுடர் என்று இருக்கும். அந்தப் பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோசை மாவு பதத்துக்குக் குழைக்க வேண்டும். பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிஷம் விட வேண்டும். சுண்ணாம்பு அடியில் உட்காரும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்துக் கிணற்றில் இறக்கி, தண்ணீருக்குள்ளேயே மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டுகிறவன் முட்டாள். படத்தில் டாக்டர் சார்தான் கொட்டுகிறார்.

இவ்வளவும் அரை மணி வேலை. இதற்குப் பிறகுதான் நிஜமான வேலை என்பார். ஒரு மணி நேரம் சும்மா இருப்பது.

மருந்து தண்ணீரில் வேலை செய்ய ஒரு மணி நேரம் வேண்டும். அதுவரை அந்த வீட்டில் யாரும் வாளியைத் தொடக் கூடாது. அதற்காக எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு டைம்பீஸ் கொடுத்திருந்தார். அலாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்து, கிணற்றின் விளிம்பில் வீட்டுக்காரர்கள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். மணி அடித்த பிறகு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சள் வந்தால் கிணறு சரி. வராவிட்டால் முதலிலிருந்து எல்லாம். 'டைம்பீஸ் டாக்டர்' என்று ஊரில் அவருக்குப் பட்டப்பெயர். இவ்வளவு பெரிய படத்தில் ஒரு டைம்பீஸ் கிடையாது.

அந்த வருஷம் மட்டாஞ்சேரியில் காலரா வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. டாக்டர் சார் ஊர் வரைபடத்தை மேசையில் விரித்துச் சிவப்புப் பென்சிலால் தெருத் தெருவாகக் கோடு போட்டு, ஆளுக்கு ஒரு பகுதி பிரித்துக் கொடுத்தார். ஒரே நாளில் எல்லாக் கிணறும் முடிய வேண்டும். ஒன்று விட்டாலும் ஒன்பதும் வீண் என்றார். முன்தெரு எனக்கு. அதற்குப் பின்தெரு தங்கப்பன் என்கிற ஆளுக்கு.

என் தெருவில் கடைசி வீடு ஒரு ராவுத்தர் வீடு. தமிழ் பேசும் குடும்பம். அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் பிரித்திருந்தார்கள். அண்ணன் வீட்டு வாசல் முன்தெருவில், தம்பி வீட்டு வாசல் பின்தெருவில். நடுவில் சுவர். அந்தச் சுவர் கிணற்றின் மேலேயே ஏறிப் போகிறது. மட்டாஞ்சேரியில் இப்படி இரண்டு மூன்று கிணறு உண்டு. இந்தப் பக்கம் பார்த்தால் அரை வட்டம், அந்தப் பக்கம் பார்த்தால் அரை வட்டம். கீழே தண்ணீருக்குப் பாகப்பிரிவினை இல்லை.

"என் பாதிக்கு நீ மருந்து போடு. அந்தப் பாதி அவன் பாடு" என்றார் அண்ணன் ராவுத்தர். நானும் யோசித்தேன். பின்தெரு தங்கப்பனுடையது. அவன் அந்தப் பக்கமிருந்து பாதி போடுவான். நான் முழுசுக்கும் போட்டால் மருந்து ஒன்றரை மடங்காகிவிடும், நாறும், திட்டுவார்கள். அதனால் அட்டையில் இருந்ததில் பாதி அளந்து போட்டேன். அந்த நேரத்துக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

தங்கப்பன் போனபோது தம்பி வீடு பூட்டியிருந்தது. தம்பி கடையில், அவர் மனைவி கதீஜா மகளைக் கூட்டிக்கொண்டு இடக்கொச்சியில் தாய்வீட்டில். அவன் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஆக, ஒரு கிணற்றுக்கு அரைக் கிணற்று மருந்து.

இதுவரை நடந்தது தவறு. தவறைப் பிடிக்கத்தான் அந்த ஒரு மணி நேரம். குறைவான மருந்து முதலில் மஞ்சள் காட்டும், ஒரு மணி நேரத்துக்குள் செத்துவிடும். இருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் இருக்கவில்லை. அன்றைக்கு சனிக்கிழமை. ஒரு தமிழ்ப் படம் ஊருக்கு வந்திருந்தது. தமிழ்ப் படம் எப்போதாவதுதான் வரும், ஒரு வாரம்தான் ஓடும், அதற்கு அன்று கடைசி நாள். மாட்னி இரண்டரை மணிக்கு. நான் மருந்தைக் கலக்கி முடித்தபோதே இரண்டு அடிக்கப் போகிறது. அலாரம் வைத்து இருபது நிமிஷம் உட்கார்ந்தேன். கால் பரபரத்தது. குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டேன். நல்ல மஞ்சள். அதான் மஞ்சள் வந்துவிட்டதே என்று நினைத்தேன். யாரும் பார்க்காத நேரம் டைம்பீஸைக் கையில் எடுத்து, முள்ளை நாற்பது நிமிஷம் முன்னால் திருப்பினேன். மணி அடித்தது. "ஆச்சு, இனி எடுத்துக்கலாம்" என்று அண்ணன் ராவுத்தருக்குக் குரல் கொடுத்துவிட்டு ஓடினேன். டைட்டில் போடுவதற்குள் போய்ச் சேர்ந்தேன்.

கதீஜா அன்று சாயங்காலம் வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். வந்ததும் கிணற்றில் இறைத்து ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் குடித்திருக்கிறாள். அண்ணன் வீட்டில் எப்போதும் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர்தான் குடிப்பார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதீஜாவுக்கு மூன்றாம் நாள் விடிகாலை வாந்திபேதி ஆரம்பித்தது. மதியத்துக்குள் போய்விட்டாள். மகள் சுபைதாவுக்கு அப்போது ஒன்பது வயது.

மறுநாள் காலை டாக்டர் சார் என்னை அந்தக் கிணற்றுக்குக் கூட்டிப்போனார். சொட்டு விட்டார். மஞ்சளே இல்லை. கயிற்றை என்னிடம் கொடுத்தார். நான் அளந்தேன், முழுக் கிணற்றுக்கும் குழைத்தேன், இறுத்தேன், கலக்கினேன். அவருடைய டைம்பீஸை விளிம்பில் வைத்துவிட்டு அங்கேயே கல்லில் உட்கார்ந்தார். நான் நின்றேன். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி, அன்று நான் இங்கே ஒரு மணி நேரம் இருந்தேனா என்று.

"முருகேசன், நிங்ஙள் அன்னு இவிடெ ஒரு மணிக்கூர் இருந்நோ?"

அவர் முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. சினிமா, முள், நாற்பது நிமிஷம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. பென்சிலைத் திருகிக்கொண்டே இருந்தார். மணி அடித்ததும் எழுந்து சொட்டு விட்டு மஞ்சளைப் பார்த்துவிட்டுச் சொன்னார். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "வரைபடத்தில் கிணற்றின் நடுவே கோடு போட்டவன் நான். அதை ரிப்போர்ட்டில் எழுதிக்கொள்கிறேன். மணி உங்களுடையது. அதை நான் எழுத மாட்டேன். நீங்களே அந்த வீட்டில் போய்ச் சொல்லுங்கள். என் கோட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்."

வேலையிலிருந்து தூக்குவார் என்று நினைத்தேன். தூக்கியிருந்தால் அப்பாவோடு சேர்ந்து தெருக் கூட்டப் போயிருப்பேன். அவர் என்னை மனுஷனாக நினைத்து ஒரு வேலை கொடுத்தார்.

அன்று சாயங்காலம் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். தம்பி வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். தம்பி ராவுத்தர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சின்னப்பெண் அவர் மடியில். அண்ணன் ராவுத்தர் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்: "ஒரே கிணறு. எங்க வீட்டுல யாருக்காவது ஒண்ணு ஆச்சா? அவ இடக்கொச்சியிலேர்ந்து காலரா தீனத்த வாங்கிட்டு வந்துட்டா. இதோ, மருந்து போட்ட பையனே வந்துட்டான், கேளுங்க. ஏம்ப்பா, நீ மருந்து போட்டியா இல்லியா? மணி அடிச்சிச்சா இல்லியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி ராவுத்தரும் நிமிர்ந்து பார்த்தார்.

நான் தலையாட்டினேன்.

மறுநாள் டாக்டர் சார் சொல்லியாயிற்றா என்று கேட்டார், "பறஞ்ஞோ?" "பறஞ்ஞு சார்" என்றேன். என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார். அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் சாகும் வரை பேசவில்லை. நான் சொல்லிவிட்டேன் என்றே நம்பிப் போனார். அவர் எழுதிய ரிப்போர்ட்டை ஆபீஸில் கரையான் தின்றது.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். எந்தக் கிணற்றிலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் குறைத்ததில்லை. 'ராகுகாலம் பார்க்கிறான்' என்று கிண்டல் செய்வார்கள். நல்ல வேலைக்காரன் என்று பெயர் வாங்கினேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். தினமும் அந்தச் சோற்றை நாம் மட்டும் உட்கார்ந்து தின்ன வேண்டும், அவ்வளவுதான்.

படம் எடுப்பதற்கு முன்னால் சினிமாக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அசிஸ்டென்ட் டைரக்டராம். போனை என் முன்னால் வைத்துப் பதிவு செய்தாள். என்னைத் தேடி ஒருத்தர் வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்டது, மனைவி போன பிறகு அதுதான் முதல் தடவை. கயிறு, முடிச்சு, அட்டை, டைம்பீஸ் எல்லாவற்றையும் சந்தோஷமாகக் கொட்டினேன். அவளும் எழுதிக்கொண்டாள். படத்தில் ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரம் சும்மா இருக்கிறதை யார் பார்ப்பார்கள் என்று யாரோ வெட்டியிருப்பார்கள். கிளம்பும்போது அவள் கேட்டாள், எல்லாக் கிணற்றுக்கும் மருந்து போட்ட அந்த நாளுக்கு அப்புறம் யாராவது இறந்தார்களா என்று.

"ஆரும் மரிச்சில்லா" என்றேன்.

கறுப்புத் திரையில் வந்த அந்த வரி என்னுடையது. படத்தின் மற்ற குறைகளுக்கு அவர்கள் பொறுப்பு.

தியேட்டரில் அந்த வரி வந்தபோது எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. ஏசி என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் ரேஷன் கடை வரிசையில் சுபைதா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அதே பின்தெரு வீடு. துணி தைக்கிறாள். புருஷன் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். தெருவில் பார்த்தால் "சுகமாண்ணே" என்பாள். நான் தலையை ஆட்டிவிட்டு வேகமாகப் போய்விடுவேன். எனக்குக் காது மந்தம் என்று நினைத்திருந்தாளாம்.

"அண்ணே, நீங்க டாக்டர் சார்கூட இருந்தவங்கதானே" என்றாள். "படம் பாத்தேன். கடைசில எழுதிக் காட்டுனாங்க, அதுக்கப்புறம் ஒருத்தரும் மௌத்தாகலன்னு. அப்ப எங்க உம்மா?"

நான் அரிசிப் பையின் வாயைக் கட்டினேன். கட்டின முடிச்சையே மறுபடி கட்டினேன்.

"எங்க பெரியவாப்பா வீட்டுல சொல்லுவாங்க, உம்மா இடக்கொச்சியிலேர்ந்து தீனம் கொண்டுவந்தாங்கன்னு. எனக்கு நிக்காஹ் பேச வந்தப்பகூட அதச் சொன்னாங்க. இப்பவும் சண்ட வந்தா பெரியவாப்பா மக ஆமினா சொவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு அதான் சொல்லுவா. நான் நம்பலண்ணே. ஆனா படத்துலயே போட்டுட்டாங்களே. ஊர்ல இல்லாத தீனம்னா அப்ப வெளியிலேர்ந்துதானே வந்திருக்கணும்?"

"தெரியலம்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்த அசிஸ்டென்ட் டைரக்டருக்குப் போன் செய்தேன். அந்த ஒரு வரி தப்பு, எடுத்துவிடுங்கள் என்றேன். அவள் மரியாதையாகத்தான் பேசினாள். படம் முடிந்தாயிற்று, போனிலும் டிவியிலும் வந்தாயிற்று, இனி ஒன்றும் மாற்ற முடியாது என்றாள். "அல்லெங்கிலும் அங்கிள், அதொக்கெ ஆரு ஸ்ரத்திக்கானா?" என்றாள். அதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

சினிமாவே சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டாமே என்று பார்த்தேன். அதுதான் என் ஆசை. வயது எழுபத்தாறு, புத்தி அதே இருபத்திரண்டு. என்னிடம் கேட்க டாக்டர் சார் இல்லை, தங்கப்பன் இல்லை, தம்பி ராவுத்தர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. நான் செத்தால் கதீஜா இடக்கொச்சியிலிருந்து நோயைக் கொண்டுவந்தவளாகவே இருந்துவிடுவாள். இந்த ஊரில் அவளுக்காகப் பேச ஒரு வாய்தான் பாக்கி. அது என் வாய்.

இந்த இடம் வரை எழுதி வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நேற்று மதியம், சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு.

சுபைதா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். "வாங்கண்ணே, சாயா போடட்டா" என்றாள். வேண்டாம் என்றேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் நின்றபடியே சொன்னேன். பாதி மருந்து, டாக்டர் சார் போட்ட கோடு, மஞ்சள், மாட்னி, முள். பிறகு அவர்கள் வாசலில் நான் தலையாட்டியது. அவள் கால் மெஷினின் மிதியிலேயே இருந்தது, மிதிக்கவில்லை. நான் முடித்ததும் தைத்துக்கொண்டிருந்த துணியை ஊசியிலிருந்து எடுத்து மடித்தாள்.

"என்ன படம்ணே?" என்றாள்.

படத்தின் பேரைச் சொன்னேன்.

"நல்லா இருந்துச்சா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால் உண்மையைச் சொன்னேன். "காலையிலேர்ந்து கிணறு கிணறா அலைஞ்ச அலுப்பு. இடைவேளைக்கு அப்புறம் தூங்கிட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன், அழுவாள் என்றும் நின்றேன். எழுந்து, "வாங்க" என்று பின்பக்கம் நடந்தாள். அந்தக் கிணறு அப்படியே இருக்கிறது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு மேலே இரும்பு வலை போட்டிருக்கிறார்கள். சுவரும் இருக்கிறது, ஒரு ஆள் உயரத்துக்கு, பாசி பிடித்து. ஐம்பது வருஷத்தில் இந்தப் பக்கமிருந்து அதை நான் பார்த்ததில்லை. சுபைதா கீழே கிடந்த ஒரு தகர மூடியை எடுத்துச் சுவரில் தட்டினாள்.

"ஆமினா! ஏ ஆமினா! இங்க சொவத்துகிட்ட வா. ஒருத்தர் வந்திருக்காங்க. அவங்க சொல்றதக் கேளு."

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வந்து நின்றது. "ஆரு?" என்று ஒரு வயதான குரல்.

"சொல்லுங்கண்ணே" என்றாள் சுபைதா. "எனக்குச் சொன்னத அப்படியே சொல்லுங்க."

சுவரைப் பார்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கீழே வலைக்குள் தண்ணீர் அசையாமல் இருந்தது. இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. உங்க வாப்பா கேட்டாங்க, நான் தலையாட்டிட்டேன் என்று சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் செருப்பு ஒரு தடவை தரையில் உரசியது. போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

"எத்தர நேரம் முள்ளத் திருப்புனீங்க?" என்று கேட்டது சுவர்.

"நாப்பது நிமிஷம்" என்றேன்.

"கேக்கல" என்றாள் சுபைதா. அவள் எனக்குப் பக்கத்தில்தான், என் தோள் இடிக்கிற தூரத்தில் நின்றிருந்தாள். "இன்னும் சத்தமா சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன்.